மனம் விட்டுப்போன மாணவனை நல்ல ஆசிரியர் எப்படித் திரும்பக் கொண்டுவருகிறார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்துதான் வரும், அது பழக்கதோஷம். மற்ற பாடங்களிலும் கதை ஏறக்குறைய இதுதான். ‘மாணவன்’ என்று எழுதும் இடமெல்லாம் மாணவியையும் சேர்த்தே படியுங்கள்.

ஒரு மாணவன் முயற்சியை விட்டுவிட்டான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறவனை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கிவிடும். ஒரே பீரியடில் மூன்றாவது முறையாகப் பென்சில் சீவுகிறான். தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்கிறான். கேள்வியை மட்டும் அச்சடித்த மாதிரி எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு நிறத்தில் கோடு போடுகிறான். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு ‘சுத்தமான பையன்’ என்று தோன்றும். எனக்கு அந்த இரண்டு நிறக் கோட்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு வகை, “புரிஞ்சுதா?” என்று கேட்டு முடிப்பதற்குள் “புரிஞ்சுது மிஸ்” என்று சொல்லிவிடும். அந்தப் பதில் உங்களை அங்கிருந்து அனுப்பிவைக்கத்தான். மூன்றாவது வகை வகுப்பைச் சிரிக்கவைக்கும். மக்கு என்று பெயர் வாங்குவதைவிட வாலு என்று பெயர் வாங்குவது மேல் என்று அந்தப் பையன் கணக்குப் போட்டிருக்கிறான். அந்த ஒரு கணக்கு மட்டும் அவனுக்குச் சரியாக வந்திருக்கிறது.

இதற்குச் சோம்பேறித்தனம் என்றுதானே பெயர்?

அப்படித்தான் தெரியும். சோம்பேறி என்று நீங்கள் நினைக்கும் பையன் விளையாட்டு மைதானத்தில் எப்படி இருக்கிறான் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படித்தால் மனது கஷ்டப்படும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அது நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. அப்புறம் எல்லா நாய்களையும் ஒரு தாழ்வான தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடலாம். முதல் கூட்டம் குதித்தது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை குதித்துப் பார்க்கவே இல்லை. இரண்டு கூட்டமும் பட்டது ஒரே வலிதான். ‘நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது’ என்ற அனுபவம் இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் இருந்தது.

சுமார் ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நீண்ட துன்பத்தில் செயலற்றுக் கிடப்பது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொண்டது அல்ல. ‘என் செயலுக்குப் பலன் இருக்கிறது’ என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். ஆசிரியராக எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது. பையனிடமிருந்து எதையும் பிடுங்கி எறியத் தேவையில்லை. அவனுக்கு இன்னும் கிடைக்காத ஒரு அனுபவத்தைக் கொடுத்தால் போதும்.

“உன்னால் முடியும்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தால் போதாதா?

போதாது. சில சமயம் வேறு விதமாகவும் வேலை செய்யும்.

அவன் இடத்தில் இருந்து யோசியுங்கள். நான்கு வருடமாக ஒவ்வொரு தேர்விலும் முப்பதுக்குக் கீழே. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அவன் சொல்வது மனச்சோர்வில் சொல்வதல்ல, கையில் உள்ள ஆதாரத்தை வைத்து எடுத்த முடிவு. எதிரே நின்றுகொண்டு “உன்னால் முடியும்” என்கிறீர்கள். ஒரு பக்கம் நாற்பது விடைத்தாள், இன்னொரு பக்கம் உங்கள் வாய்வார்த்தை. அவன் எதை நம்புவான்?

‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனதும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் பலம் அதிகம் முதலாவதற்குத்தான். ஊக்கவார்த்தை அதைவிடப் பலவீனமானது. நாமோ வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். அவனுடைய முடிவோடு வாதாடிப் பயனில்லை. அவன் கையில் உள்ள ஆதாரத்தை மாற்ற வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

சரி, முதல் நாள் எங்கே தொடங்குவது?

அறுந்த இடத்தைத் தேடுங்கள். இன்றைய பாடத்தில் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் அது இரண்டு மூன்று வகுப்புக்கு முன்னால் எங்கோ அறுந்து கிடக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சமன்பாடுகள் ஒன்றுகூட வரவில்லை. சமக்குறி எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள். மூன்று வாரம் நான் “இடம் மாறினால் குறி மாறும், இடம் மாறினால் குறி மாறும்” என்று ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். குரல்தான் உயர்ந்துகொண்டு போனது. ஒரு நாள் மற்றவர்கள் பயிற்சி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவள் நோட்டில் இப்படி எழுதினேன்:

8 + 4 = ☐ + 5

கட்டத்துக்குள் 12 என்று போட்டாள்.

“ஏன் பன்னண்டு?”

“எட்டும் நாலும் பன்னண்டுதானே மிஸ்.”

“அப்போ அந்த அஞ்சு அங்க என்ன பண்ணுது?”

கொஞ்ச நேரம் பார்த்தாள். “அது… சும்மா இருக்கு.”

அவளைப் பொறுத்தவரை சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் விடை என்றே பார்த்து வந்த குழந்தை வேறு எப்படி நினைக்கும்? இரண்டு பக்கமும் சமம் என்பது அவளுக்குத் தெரியாதபோது, இடம் மாறினால் குறி ஏன் மாற வேண்டும்? இது அவள் ஒருத்திக்கு மட்டும் வந்த குழப்பமும் இல்லை. கணிதக் கல்வி ஆராய்ச்சியில் இதே கணக்கை வைத்துப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். 12 என்றும் 17 என்றும் எழுதும் குழந்தைகள் ஏராளம்.

ஒரு தராசு வரைந்தேன். இடது தட்டில் எட்டும் நாலும், வலது தட்டில் ஐந்தும் ஒரு காலிப் பையும். “தட்டு நேரா நிக்கணும்னா பையில எவ்வளவு இருக்கணும்?” விரல்விட்டு எண்ணி “ஏழு” என்றாள். அப்புறம் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இத்தனை நாளா இதுதானா மிஸ்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. முயற்சியைக் கைவிட்டவர்களுக்குக் கோபம் வராது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தேர்வு ஏதாவது வைக்க வேண்டுமா?

தேவையில்லை. “எது புரியலை?” என்று மட்டும் கேட்காதீர்கள்; அது தெரிந்தால் அவனே சரிசெய்திருப்பான். “எந்த வரி வரைக்கும் நிச்சயமாத் தெரியும்? அங்க விரலை வை” என்று கேளுங்கள். விரல் நிற்கும் இடத்துக்கு ஒரு வரி முன்னால் இருந்து தொடங்குங்கள்.

சின்னச் சின்ன வெற்றி கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். எளிய கணக்காகக் கொடுத்துவிட்டால் சரியா?

இந்த இடத்தில்தான் நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு 7 + 6 கொடுத்து, அவன் 13 என்று எழுதியதும் கை தட்டினால் அவனுக்கு அவமானம்தான் மிஞ்சும். தன்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அந்தக் கைதட்டலில் அவனுக்குத் தெரிந்துவிடும். வேலையைத் துண்டு போடுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள்.

பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் கழித்தலில் மிகவும் பின்தங்கியிருந்த 7 முதல் 10 வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே 42 பக்கப் பயிற்சி, ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ‘ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கமும் முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆறு ஆறாகப் போன குழந்தைகளுக்குத் திறமையும் நம்பிக்கையும் கூடின, கழித்தலில் விருப்பமும் வந்தது. பக்கம் அதே பக்கம், கணக்கும் அதே கணக்கு. ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ளும் தருணம் ஒரு குழுவுக்கு ஏழு தடவை வந்தது.

தரத்தைக் குறைக்காதே என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மனுடையது. 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் முதல் வருட நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வமில்லை, அடிப்படை சரியில்லை, குடும்பச் சூழல் என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். அவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்து, ‘இது எனக்கும் வரலை’ என்று பேசிக்கொண்டே படித்தார்கள். ட்ரைஸ்மன் ‘பின்தங்கியோர் வகுப்பு’ நடத்தவில்லை. கூடி உட்கார்ந்து போடும் பட்டறை ஒன்றை அமைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். மதிப்பெண்கள் நன்றாகவே உயர்ந்தன. தனியாக உட்கார்ந்து தோற்கிறவன் ‘எனக்குத்தான் வரவில்லை’ என்று நினைப்பான். நாலு பேரோடு உட்கார்ந்தால், கணக்குதான் கஷ்டம் என்பது தெரிந்துவிடும்.

எப்படிப் பாராட்டுவது?

நடந்ததைச் சொல்லுங்கள். “ரெண்டாவது வரியில நீயே திரும்பிப் போய்க் குறியை மாத்தினியே, அதனாலதான் விடை வந்தது.” அவ்வளவுதான். ‘சூப்பர்’, ‘வெரி குட்’ எல்லாம் காற்றில் போய்விடும்.

“நீ புத்திசாலி” என்று மட்டும் வேண்டாம். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். முதல் சுற்று முடிந்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான சுற்று கொடுத்தார்கள், எல்லாரும் திணறினார்கள். அதன் பிறகு முதல் சுற்றுக்குச் சமமான மூன்றாவது சுற்று. புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு மாணவருக்கு எழுதச் சொன்னபோது பொய்யாகக் கூட்டி எழுதியவர்களும் ‘புத்திசாலி’க் குழுவில்தான் அதிகம். பட்டம் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றியாக வேண்டுமே.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் “முயற்சி செய், இன்னும் முயற்சி செய்” என்று சொல்லலாமா?

வேண்டாம். தப்பான வழியில் பத்து தடவை முயன்றவனிடம் பதினோராவது தடவை முயலச் சொல்வது கொடுமை. அவனுக்கு வேறு வழியைக் காட்டுங்கள்.

மூளை வளரக்கூடியது, திறமை மாறக்கூடியது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடம், படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரித் தரப்புள்ளியை 0.1 அளவு உயர்த்தியது. நான்கு புள்ளி அளவுகோலில் 0.1. செலவைப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் சுவரில் ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

“பரவாயில்லை, எல்லாருக்கும் கணக்கு வராது” என்று ஆறுதல் சொல்வது தப்பா?

தப்பு. எனக்குத் தெரிந்து அதிகக் கேடு செய்யும் அன்பான வாக்கியம் இதுதான். அனீதா ரத்தன், கேத்தரின் குட், டுவெக் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஆறுதல் கேட்ட மாணவர்கள் ஆசிரியர் தங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டார்கள். ஊக்கமும் குறைந்தது, இறுதியில் கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்த மதிப்பெண்ணும் குறைந்தது. பரிதாபம் காட்டும்போதும் இதே கதைதான். திட்டினால்கூட ‘என்னால் முடியும் என்று நினைப்பதால்தானே திட்டுகிறார்’ என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ‘பாவம்’ என்ற பார்வையில் அந்த இடம் இல்லை. இதைத் திட்டுவதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தப்புகளைத் திருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பின்தங்கிய பையனின் தாளில் உள்ள இருபது தப்பையும் சிவப்பு மையில் வட்டமிட்டால் அவன் பார்ப்பது ரத்தக்களறி. இரண்டைத் தேர்ந்தெடுங்கள். எதைச் சரிசெய்தால் நாலைந்து தானாகச் சரியாகுமோ அந்த இரண்டு.

மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. ரூத் பட்லர் 1988-ல் இதை ஆராய்ந்தார். குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண் பெற்றவர்களும், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை. அதற்கப்புறம் நான் தாளை முதல் நாள் குறிப்போடு மட்டும் கொடுக்கிறேன். திருத்திக்கொண்டு வந்ததும் மதிப்பெண் சொல்கிறேன். வகுப்பில் முனகல் கேட்கும். கேட்கட்டும்.

கடுமையான திருத்தங்களுக்கு மேலே ஒரு வரி எழுதுவது பெரிய வித்தியாசம் செய்யும். டேவிட் யேகரும் குழுவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தி ஒரு சிறு சீட்டு ஒட்டினார்கள். சிலருக்கு ‘உங்களுக்குக் கருத்துத் தெரிவிப்பதற்காக எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளில். சிலருக்கு ‘உங்களிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உங்களால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளில். முதல் சீட்டு கிடைத்த கறுப்பின மாணவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதியவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது சீட்டு கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஆனால் பாருங்கள், சீட்டுக்குக் கீழே உண்மையான, உபயோகமான திருத்தங்கள் இருந்தன. வெறும் சீட்டை மட்டும் ஒட்டினால் அதுவும் ‘சூப்பர்’ மாதிரிதான்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனைக் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தால். மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது சொல்லத்தான் சின்னது. கரும்பலகை முன்னால் நின்று பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு. “நாளைக்கு மூணாவது கணக்கை நீதான் போர்டுல போடப்போற” என்று முதல் நாளே காதில் போட்டுவிடுவது. இதை ஏமாற்று வேலை என்று ஒரு சக ஆசிரியர் சண்டை போட்டார். மேடை ஏறுகிற யாரும் ஒத்திகை பார்க்காமலா ஏறுகிறார்கள்?

முதல் மதிப்பெண் வாங்குகிறவனைப் பக்கத்தில் உட்காரவைத்தால் பார்த்துக் கற்றுக்கொள்வானா?

பெரும்பாலும் மாட்டான். தடங்கலில்லாமல் போடுகிறவனைப் பார்க்கும்போது ‘அவன் வேறு ஜாதி மூளை’ என்றுதான் தோன்றும். ஷங்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1987-ல் பின்னக் கணக்கு வராத குழந்தைகளுக்குச் சக மாணவர்களின் வீடியோவைக் காட்டினார்கள். முதலில் தடுமாறி, தப்பு விட்டு, அப்புறம் பிடித்துக்கொண்ட மாணவனைப் பார்த்தது, எடுத்த எடுப்பிலேயே சரியாகப் போட்டவனைப் பார்த்ததைவிட உதவியது. ஆகவே, போன மாதம் திணறி இந்த மாதம் தேறியவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவனுக்கும் நல்லது, சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு வந்துவிட்டது என்று அவனுக்கே உறைக்கும்.

நீங்களும் போர்டில் தப்பு விடலாம். நான் வேண்டுமென்று விடுவதில்லை, தானாகவே நடக்கிறது.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாம் நடக்காது. நான் சொல்வது இரண்டு. மற்றவர்கள் பயிற்சி போடும்போது மேசையில் உட்காராமல் ஒரு நாளைக்கு இரண்டு பேர் பக்கத்தில் இரண்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். அடுத்தது, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கைத் துண்டுச் சீட்டில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐம்பது சீட்டிலும் ஐம்பது விதத் தப்பு இருக்காது; நாலைந்துதான் இருக்கும். சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்தால் மறுநாள் பாடம் தானாகத் தயாராகிவிடும்.

தோற்றவனுக்கு மறுதேர்வு கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

இல்லை. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-ல் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றலின் அடிப்படையே இதுதான்: நேரம் ஆளுக்கு ஆள் மாறலாம், எட்ட வேண்டிய தரம் மாறாது. ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன். மறுதேர்வுக்கு நுழைவுச்சீட்டு, பழைய தாளில் விட்ட தப்புகளை அவன் கையால் திருத்தி, ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவருவது.

பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம்?

“எத்தனை மார்க்?” என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் “இன்னிக்கு எது கஷ்டமா இருந்தது?” என்று கேளுங்கள். “எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது” என்று சொல்லாதீர்கள், உண்மையாக இருந்தாலும்.

இவ்வளவும் செய்தும் பலனில்லை என்றால்?

கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியாத பையனை ஒரு வருடம் முழுக்க ‘கவனமில்லாதவன்’ என்று எழுதிவைத்திருந்தவள் நான். எழுத்துகளை இனம்காணுவதில் தொடர்ந்து சிரமம் இருந்தால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்ப வேண்டும். தூக்கம், சாப்பாடு, வீட்டில் நடக்கும் சண்டை எல்லாம் வகுப்பறைக்குள் வரும். அதில் நம் கைக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

ஒரு தலைப்பில் மாற்றம் வர இரண்டு மூன்று வாரம் போதும். ‘எனக்குக் கணக்கு வரும்’ என்று அவனே நினைப்பதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாண்டே, லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஏழை மாணவர்களை நுண்கணிதத் தேர்வில் தேறவைத்தார் என்று உலகமே பேசியது. 1982-ல் 18 பேர் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்கள் சந்தேகப்பட்டு மறுபடி எழுதச் சொன்னபோது எழுதிய 12 பேரும் மறுபடியும் தேறினார்கள். கதையாகச் சொல்லும்போது எல்லாரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: அவர் அந்தப் பள்ளிக்கு வந்தது 1974-ல். முதல் நுண்கணித வகுப்பைத் தொடங்கியதே 1978-ல்தான். அதற்குக் கீழே இருந்த வகுப்புகளின் அடிப்படைக் கணிதத்தைச் சரிசெய்யவும் வருடங்கள் ஆயின.

திரும்பி வருகிறான் என்பதற்கு முதல் அடையாளம் எது?

மதிப்பெண் இல்லை, அது ரொம்பப் பின்னால் வரும். நோட்டில் அடித்துத் திருத்தல்கள் தெரியத் தொடங்கும். இரண்டு நிறக் கோடு காணாமல் போகும். மணி அடித்த பிறகும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பான்.

அந்தத் தராசுப் பெண் அடுத்த தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினாள். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. தாள் கொடுத்த அன்று சாயங்காலம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். நாலாவது கணக்கில் விரலை வைத்து, “கடைசி வரி தப்பு, சரி. ஆனா இது வரைக்கும் சரியாத்தானே மிஸ் போட்டிருக்கேன்? இதுக்கு அரை மார்க் வரணுமே” என்றாள். கூட்டிப் பார்த்தேன். ஒன்றே வர வேண்டியிருந்தது.